ஏழாவது பிரிவை எழுதியவள்

கல்லூரி உதவித்தொகைக் குழுவில் நான்கு உறுப்பினர்கள். பதினோரு வருடங்களில் அவர்கள் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. ஆனால் குழுவின் தீர்மானங்களை எடுத்துப் பார்த்தால் அத்தனையும் ஒருமனதாக நிறைவேறியவை. இந்த அதிசயத்தைச் செய்தவள் தலைவரின் நாற்காலிக்குப் பின்னால், ஜன்னலோரமாக ஒரு சின்ன மேஜையில், சுருக்கெழுத்து நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பாள். கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் என்பதால் அலுவலகத்தில் அவளை மினிட்ஸம்மா என்பார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. இரண்டு பக்க வாதத்தையும் கேட்டுக் கேட்டு, இரண்டுமே நியாயம் என்று தோன்றிவிடுகிற வியாதி அவருக்கு. விவாதம் முற்றினால், "எல்லாரும் சொல்றது சரிதான். எழுதிக்குங்கம்மா" என்பார். என்ன எழுதுவது என்று சொல்ல மாட்டார். மினிட்ஸம்மா தன் அறைக்குப் போய், நோட்டைப் பிரித்து, இவர்கள் நிதானமாக யோசித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ அதைக் கண்டுபிடித்து எழுதுவாள். அடுத்த கூட்டத்தில் டீயோடு சேர்த்து அது சுற்றுக்கு வரும். டீயைச் சூடு பார்த்துக் குடிப்பவர்கள் குறிப்பை அப்படியே கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். பேராசிரியர் மட்டும் ஒருமுறை தன் பேச்சைப் படித்துவிட்டு, "நான் இவ்ளோ தெளிவாவா பேசினேன்?" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

அவளுக்குக் கணவர் உண்டு. எங்கே என்பதுதான் தெரியாது. வேலைக்கென்று வெளிநாடு போனவர், முதலில் பணம் அனுப்புவதை நிறுத்தினார், பிறகு பேசுவதை நிறுத்தினார். மிச்சமிருந்தது ஒரு மகள், அச்சகத்துக்கு மேலே ஓர் அறையும் சமையலறையும், பிறகு இந்தத் தொகுப்பூதிய வேலை. தொகுப்பூதியம் என்றால் மாதம் ஒரு தொகை. அதற்கு மேல் விடுப்பு, போனஸ், ஓய்வூதியம் என்று எதையும் கேட்கக் கூடாது. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவளை ஒரே ஒரு நாள் வேலையிலிருந்து நீக்குவார்கள், நிரந்தரம் என்று நாளைக்கு அவள் வழக்குப் போட்டுவிடக் கூடாதே என்று. அந்த ஒரு நாளில் அவள் வீட்டிலிருக்கும் தலையணை உறைகளையெல்லாம் துவைத்துப் போடுவாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அரசாங்கம் அவளை முன்பின் பார்த்திராத மாதிரி புதிதாகச் சேர்த்துக்கொள்ளும்.

மகள் பள்ளி இறுதித் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணைக் கேட்டு அச்சகக்காரரே மெஷினை நிறுத்திவிட்டு மாடியேறி வந்தார். பெரிய நகரத்துக் கல்லூரியில் இயற்பியல் படிக்க இடமும் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் உதவித்தொகை ஆணையைக் காட்ட வேண்டும். ஆணையில் கல்லூரிக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் அடக்கம். மகள் விண்ணப்பித்திருந்தாள். தாயும் மகளும் மூன்று வாரம் நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை தபாலில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது.

"நிராகரிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கும்மா," என்றாள் மகள். சமையலறை வாசலில் நின்று சத்தமாகப் படித்தாள். "காரணம், பிரிவு ஏழு. அரசு அலுவலகங்களில் எந்த வகையிலேனும் பணிபுரிவோரின் பிள்ளைகள் இத்திட்டத்தின்கீழ் தகுதி பெறமாட்டார்கள்."

மினிட்ஸம்மா அடுப்பை அணைத்தாள்.

"எந்த வகையிலேனுமாம்! யாரும்மா இப்படி உக்காந்து யோசிச்சு எழுதினது? கையில கிடைச்சா..."

எழுதியவள் கிடைக்கிற தூரத்தில்தான் நின்றாள். தான் பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் நடையை வைத்தே கண்டுபிடிப்பது போல, அந்த வாக்கியத்தை அவள் கேட்ட உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு பெரிய அதிகாரிகளின் பிள்ளைகள் சிலர் பொய்யான வருமானச் சான்றிதழ் காட்டி உதவித்தொகை வாங்கிவிட்டார்கள் என்று ஒரு சலசலப்பு கிளம்பியது. குழுவில் ஆலை முதலாளி கொதித்துப்போய், யார் யார் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று பதவி பதவியாகப் பத்து நிமிடம் அடுக்கினார். டைப் அடித்தபோது ஒன்றரைப் பக்கம் வந்தது. பார்க்கவே சகிக்கவில்லை. மினிட்ஸம்மா அதை ஒரு வரியாக்கினாள். வரி கொஞ்சம் சப்பென்று இருந்ததால் 'எந்த வகையிலேனும்' என்று ஓர் அழுத்தமும் கொடுத்தாள். அன்றைக்கு அதைப் பார்த்து அவளுக்கே திருப்தியாக இருந்தது. அந்த வரிக்குள் தானும் அகப்படுவோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்ற நியாயமும் இல்லை. அவள் அரசு ஊழியர் அல்ல என்பதை அரசாங்கம் அவளுக்கு எத்தனையோ தடவை எழுத்திலேயே தெரிவித்திருந்தது. அந்தக் கடிதங்களை டைப் அடித்ததும் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் சம்பளத்தைப் பறிகொடுத்து வங்கிக்குப் போனாள். கடன் பிரிவில் கண்ணாடி போட்ட இளைஞர் மரியாதையாக உட்காரவைத்தார்.

"அரசு வேலைன்னா சுலபமா முடிஞ்சிரும்மா. நிரந்தர ஆணை இருக்கா?"

"தொகுப்பூதியங்க."

"அப்ப நீங்க அரசு ஊழியர் கணக்குல வரமாட்டீங்களே."

"உதவித்தொகைக்கு வர்றேனாம்."

"அது அங்க. இது பேங்க்."

இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு சாலைதான். அதைக் கடக்கும்போது அவள் அரசு ஊழியராகி, திரும்பக் கடக்கும்போது இல்லாமல் போனாள். சாலையின் நடுவில் நின்ற அந்த அரை நிமிடம், தான் யாரென்று யாரிடம் கேட்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து அந்தச் சிந்தனையை முடித்துவைத்தான்.

புதன்கிழமை குழுக் கூட்டம். அன்றைய பொருள்: உதவித்தொகை மதிப்பெண்ணைப் பார்த்தா, வறுமையைப் பார்த்தா?

"படிக்கிற பிள்ளைக்குக் குடுக்கணும் சார்," என்று பேராசிரியர் ஆரம்பித்தார். "படிக்காததுக்குக் குடுத்து என்ன பண்ண? ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு ஆள் சேக்குறதா?"

"வெறும் வயித்தோட பரீட்சை எழுதிப் பாருங்க, உங்க மார்க் எங்க நிக்குதுன்னு தெரியும்," என்றாள் டாக்டரம்மா. இலவச மருத்துவமனையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். ஏழைகளுக்காக யாரிடமும் சண்டை போடுவாள்.

"நானும் வெறும் வயித்தோட எழுதினவன்தாம்மா."

"அதான் இப்ப சேத்து வச்சுச் சாப்பிடுறீங்களா? அது ஆறாவது பிஸ்கட்."

ஆலை முதலாளி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சும்மா குடுத்தா யாரும் மதிக்க மாட்டாங்க. பாதிப் பணத்தை அவங்க கட்டட்டும்."

"பாதி கட்ட முடிஞ்சா இங்க எதுக்குங்க வர்றாங்க?" என்றாள் டாக்டரம்மா.

"அதான் சொல்றேன். வரமாட்டாங்க. பட்டியல் சின்னதாயிரும்."

"எல்லாரும் சொல்றது சரிதான்," என்றார் தலைவர். "எழுதிக்குங்கம்மா."

மினிட்ஸம்மா எழுதிக்கொண்டுதான் இருந்தாள். பேராசிரியர் கேட்ட மதிப்பெண்ணும் டாக்டரம்மா கேட்ட வறுமையும் ஒரே ஆளிடம், ஒரே வீட்டில், இப்போது அழுது வீங்கிய கண்ணோடு இருப்பதை எந்தச் சுருக்கெழுத்துக் குறியால் எழுதுவது? பென்சில் நின்றது. அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லலாமா?"

நால்வரும் திரும்பினார்கள். ஜன்னல் பேசியிருந்தாலும் இவ்வளவுதான் திடுக்கிட்டிருப்பார்கள்.

"சொல்லுங்கம்மா. உடம்பு சரியில்லையா?"

"ஏழாவது பிரிவுங்க. அதை நீங்க யாரும் சொல்லல. நான் எழுதினது."

"நான்தானேம்மா சொன்னேன்?" என்றார் ஆலை முதலாளி. "பெரிய ஆபீசருங்க பிள்ளைங்களுக்குக் கூடாதுன்னு."

"ஆமாங்க. நீங்க பெரிய ஆபீசர்னுதான் சொன்னீங்க. ரொம்ப நீளமா இருந்துச்சுன்னு நான்தான் ஒரு வரியாக்கினேன். அதுல கூட்டுறவங்க, டீ குடுக்கிறவங்க, நான், எல்லாரும் மாட்டிக்கிட்டோம். என் பொண்ணு மாட்டிக்கிட்டா. நாளை மறுநாள் கடைசி நாளுங்க. அதை மட்டும் நீங்க சொன்ன மாதிரியே திருத்திட்டா போதும்."

குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. இந்த அறையில் அவள் மற்றவர்களின் குரலை மட்டுமே கையாண்டு பழகியவள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ... மத்தத் தீர்மானமெல்லாம்?"

அவள் கையிலிருந்த நோட்டை மூடினாள். பேராசிரியர் தன் பழைய பேச்சை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார். இதெல்லாம் குறிப்பில் ஏறவில்லை, எழுத வேண்டியவள் நின்றுகொண்டிருந்ததால்.

"இங்க பாருங்கம்மா," என்றார் தலைவர், மெதுவாக. "கையெழுத்துப் போட்டுட்டா அது நாங்க சொன்னதுதான். இல்லைன்னு ஆச்சுன்னா பதினோரு வருஷமா உதவி வாங்கின பசங்க கதி என்ன? திருத்தணும்னா அமைச்சகத்துக்குப் போகணும். நாலு மாசம் ஆகும். அதுவும் நம்ம ஆபீஸ் அம்மாவோட பொண்ணுக்காகத் திருத்தினோம்னா நாளைக்குப் பேப்பர்ல நாறிப் போவோம். புரியுதுல்ல?"

புரிந்தது. இதையே நாளைக்கு அவள்தான் அழகாக எழுதப்போகிறாள்.

டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மகளின் விண்ணப்பத்தை வரவழைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். கண் கலங்கிவிட்டது. "இந்த வருஷம் இவ்ளோ தகுதியான கேஸ் இன்னொண்ணு இல்ல. அம்மா இங்க வேலை பாக்குறதுதான் ஒரே குறை."

"மார்க்கையும் பாருங்க," என்று பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "அந்தக் குறை மட்டும் இல்லைன்னா முதல் பத்துக்குள்ள வருவா."

"வேலை இல்லைன்னா நானே கைதூக்குவேன்," என்றார் ஆலை முதலாளி.

"பட்டியல் கையெழுத்தாகுற அன்னைக்கு நிலவரம் என்னவோ அதான் கணக்கு," என்றார் தலைவர். "நாளைக்கு மதியம் கையெழுத்து."

அந்த அறையில் முதல் தடவையாக, அவள் உதவி இல்லாமலேயே, நால்வரும் ஒருமனதானார்கள். அவளுடைய வறுமையில் உள்ள ஒரே ஓட்டை அவளுடைய சம்பளம்.

கூட்டம் கலைந்ததும் பிரிவு அலுவலரிடம் ஓடினாள். சம்பளம், ஒப்பந்தம், முத்திரை எல்லாம் அவர் கையில்.

"சார், எனக்கு அந்த ஒரு நாள் நீக்கம் எப்ப வருது?"

அவர் கோப்பைப் பார்த்தார். "இன்னும் நாலு மாசம் இருக்கே."

"அதை நாளைக்கு மாத்திருங்க சார். எப்படியும் நீக்கத்தான் போறீங்க. நாளைக்கு நீக்கிட்டு வெள்ளிக்கிழமை சேத்துக்குங்க."

அவர் முகம் மலர்ந்தது. நல்ல மனிதர், யோசனையும் பிரமாதம். "இது எனக்குத் தோணலையேம்மா! இருங்க, தலைவர் ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்."

ஒரு வார்த்தை கேட்கப் போனவர் கால் மணி நேரம் கழித்து, திட்டு வாங்கிய முகத்தோடு வந்தார். "மோசடின்னு சொல்லிட்டாரும்மா. ஒரே ஒரு நாள் வேலை இல்லாதவங்க மாதிரி காட்டுறது சட்டத்தை ஏமாத்துற வேலையாம். என்னையும் சேத்து உள்ள தள்ளிருவாங்களாம்."

பதினோரு வருடமாக அந்த ஒரு நாளைக் காட்டித்தான் அவள் நிரந்தரமில்லாதவள் என்று அரசாங்கம் நிரூபித்துவந்தது. அவள் அதை ஒரே ஒரு தடவை இரவல் கேட்டபோது அது மோசடியாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகள் தயாராக ஒரு முடிவோடு காத்திருந்தாள்.

"மொபைல் கடையில பேசிட்டேன்மா. திங்கக்கிழமையே வரச் சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷமும் அதே ஏழாவது பிரிவுதான் இருக்கும்."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

"நான் வேலைய விட்டுர்றேன்."

மகள் சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினாள்.

மினிட்ஸம்மா இதை அலுவலகத்திலிருந்து வீடு வரை, பஸ் ஏறாமல், நடந்தே யோசித்திருந்தாள். அவள் சம்பளத்தில் விடுதிச் செலவின் பாதிகூட வராது. சம்பளம் இருந்தால் இரண்டு பேர் அரைகுறையாகச் சாப்பிடலாம். இல்லாவிட்டால் ஒருத்தி வேளாவேளைக்குச் சாப்பிட்டுப் படிப்பாள்.

"அப்ப நீ?"

"எனக்கு டைப் தெரியும்."

"டைப் தெரிஞ்சவங்க தெருவுக்குப் பத்து பேர் இருக்காங்கம்மா. இந்த மாச வாடகைக்கு என்ன பண்ணுவ?"

"கேப்பேன். கீழ அச்சகத்துல கேப்பேன். பாத்திரம் கழுவுற வேலைன்னாலும் கேப்பேன். அது உன் கவலை இல்ல."

"என் கவலை இல்லையா? நீ பட்டினி கிடந்து நான் அங்க உக்காந்து சாப்பிடணுமா? ஒவ்வொரு பரீட்சையிலயும் கேள்வித்தாள்ல உன் மூஞ்சிதாம்மா தெரியும்!"

"தெரியட்டும். பயந்தாவது படிப்ப."

மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தோள் குலுங்கியது. மினிட்ஸம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நான்கு பேரின் பிதற்றலை ஒரு வரியில் சொல்லத் தெரிந்தவளுக்குத் தன்னுடையதாக ஒரு வரி அகப்படவில்லை. கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை காலை ராஜினாமாக் கடிதத்தை அலுவலக மெஷினிலேயே டைப் அடித்தாள். முதலில் ஒன்றேகால் பக்கம் வந்தது. பழக்கதோஷம், நான்கு வரியாக்கினாள்.

பிரிவு அலுவலர் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு மாசம் முன்னாடி சொல்லணுமேம்மா?"

"தொகுப்பூதியத்துக்குக் கிடையாதுங்க. ஒப்பந்தத்துல அஞ்சாவது வரி. நீங்க சொல்லாமலே நிறுத்தலாம், நான் சொல்லாமலே நின்னுக்கலாம்."

"அவசரப்படாதீங்க. பதினோரு வருஷம்மா."

"பதினோரு மாசம்தாங்க சார், உங்க கணக்குல. அதுலயும் ஏழுதான் முடிஞ்சிருக்கு."

அவர் வேறு பேசாமல் வாங்கிப் பதிந்து எண் போட்டார். அவள் அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, வெளியே பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பட்டியல் வரும்வரை காத்திருக்கலாம், யாரும் எழுப்ப முடியாது.

அரை மணி நேரத்தில் பிரிவு அலுவலரே வேர்த்து விறுவிறுத்து வந்தார். "பட்டியல் அடிக்க ஆளில்லம்மா. இருக்கிற இன்னொரு டைப்பிஸ்ட்டும் லீவு. இன்னைக்குக் கையெழுத்தாகலைன்னா ஒரு பிள்ளைக்கும் ஆணை போகாது. உங்க பாப்பாவுக்கும் சேத்துதான் சொல்றேன்."

அவள் எழுந்து உள்ளே போனபோது, அட்டை இல்லாததால் காவலாளி அவளிடம் பார்வையாளர் நோட்டை நீட்டினார். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. காவலாளியே 'சொந்த வேலை' என்று எழுதிக்கொண்டார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். மகளின் பெயர் எட்டாவதாக வந்தது. அதில் மட்டும் இரண்டு தடவை எழுத்து தவறாக விழுந்தது, அழித்து அடித்தாள். பெற்றோர் தொழில் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று அடித்தபோது தவறே விழவில்லை. மதியம் தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, எட்டாவது பெயரைத் தொட்டுக் காட்டி உண்மையான மகிழ்ச்சியோடு சொன்னார்: "பாத்தீங்களாம்மா, விதியை மீறாமலே வழி கிடைச்சிருச்சு!"

அவள் கைகூப்பினாள்.

முத்திரை மட்டும் பாக்கி. முத்திரை இல்லாத ஆணையைக் கல்லூரியில் வாங்க மாட்டார்கள். மகள் ராத்திரி வண்டிக்குப் பெட்டியோடு காத்திருந்தாள். பிரிவு அலுவலர் முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அடுத்த மாசத்துல இருந்து கூட்டத்துக்கு மட்டும் வந்துருங்கம்மா. ஐயாவே கேக்கச் சொன்னார். புது ஆள் வந்தா நாலு பேரும் பேசுறத அப்படியே எழுதி வச்சிரும். மானம் போயிரும்."

"சம்பளம் என்ன குடுப்பீங்க?" பதினோரு வருடத்தில் இதை அவள் கேட்டதில்லை.

"அதான்மா சிக்கல். பைசா குடுத்தாலும் சம்பளப் பட்டியல்ல பேர் ஏறிரும். ஏழாவது பிரிவு வந்துரும்."

"பஸ் செலவு?"

"அதுக்கும் வவுச்சர் போடணுமே. பாப்பாவுக்கு ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கணும், எல்லாம் இந்தக் குழுதான் பாக்கும். மூணு வருஷம்தானேம்மா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் மிரட்டவில்லை. அப்படிப்பட்டவரும் அல்ல. முத்திரை அவர் கையில் தாளுக்கு மேலே நான்கு விரற்கடை தூரத்தில் நின்றிருந்தது தற்செயல்தான்.

மினிட்ஸம்மா முத்திரையைப் பார்த்தாள். மை காய்வதற்குள் பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"எத்தனை மணிக்குங்க கூட்டம்?"

"வழக்கம்போல பத்து மணிக்குத்தாம்மா," என்று சொல்லி அவர் முத்திரையை அழுத்தினார். கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எழுத்துகள் தெரிந்தன. ஊதி உலர்த்தி, மடிக்காமல் எடுத்துக்கொண்டு, மகளிடம் போனாள்.